வீட்டு வைஃபை வழியாகக் கைபேசியில் பேசுதல்: அமைப்பதும் சோதிப்பதும்

புதுச்சேரியில் வைசியாள் வீதிக்குப் பக்கத்தில் என் அத்தை குடியிருக்கும் வீடு, திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்று கட்டப்பட்ட பழைய வீடு. ஒன்றரை அடிக்குக் குறையாத செங்கல், சுண்ணாம்புச் சுவர்களும் மேலே மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய காலத்துத் தளமும் சித்திரை வெயிலை உள்ளே விடுவதில்லை. டவர் சிக்னலையும் விடுவதில்லை. கைபேசி ஒலித்தால் அத்தை அடுக்களையிலிருந்து திண்ணைக்கு வந்துதான் பேச வேண்டும், அவர் பேசும் வீட்டு விவகாரம் அத்தனையும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும். “டவர் ரெண்டு கோடு காட்டுதுப்பா, ஆனா நான் பேசறது அவங்களுக்குக் கேக்கலையாம்” என்று அவர் சொன்னபோது, அந்த வீட்டில் ஃபைபர் இணைய இணைப்பு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகவே பேச உதவும் வைஃபை காலிங் என்ற ஒன்று கைபேசியிலேயே இருக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பழைய வீடுகளுக்கு மட்டும் உரிய தொல்லையன்று இது. புதுச்சேரி லாஸ்பேட்டையின் அடுக்ககங்களில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களும், கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் போன்ற இடங்களில் இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும் வீடுகளில் இருப்பவர்களும் இதே குறையைச் சொல்கிறார்கள். கம்பி நெருக்கமாகக் கட்டிய கான்கிரீட், இரும்புத் தகட்டுக் கூரை, கண்ணாடியில் ஒட்டிய வெப்பத்தடுப்புத் தாள் ஆகிய எல்லாமே டவர் அலையைக் குறைப்பவை. வீட்டில் ஓரளவு நிலையான இணைய இணைப்பு இருந்தால் இந்தக் குறையைக் காசு செலவில்லாமல் தீர்க்கலாம். கைபேசியில் செய்ய வேண்டிய வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் எடுப்பது ரவுட்டரை வைக்கும் இடத்தைச் சரிசெய்வதுதான். ஆகவே இங்கும் அதைப் பற்றியே கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

இது வாட்ஸ்அப் அழைப்பு போன்றதுதானே என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை. வாட்ஸ்அப்பில் பேச இரு முனையிலும் அந்தச் செயலியும் இணையமும் இருக்க வேண்டும். வைஃபை காலிங்கில் வழக்கமான டயல் பலகையிலிருந்து வழக்கமான எண்ணை அழைக்கிறீர்கள். எதிர்முனையில் உங்கள் எண்தான் தெரியும். அவரிடம் பழைய பொத்தான் கைபேசியோ, 0413 என்று தொடங்கும் தரைவழித் தொலைபேசியோ இருந்தாலும் போதும். உங்கள் கைபேசி டவருக்குப் பதிலாக வீட்டு இணையத்தின் வழியே சிம் நிறுவனத்தின் நுழைவாயிலைத் தொடர்பு கொண்டு, சிம்முக்குள் இருக்கும் இரகசியச் சாவியைக் கொண்டு தன்னை அடையாளம் காட்டி, அதன்பின் குறியாக்கம் செய்யப்பட்ட ஒரு தனிப்பாதையில் குரலை அனுப்புகிறது. நுழைவாயிலுக்கு அப்பால் நடப்பதெல்லாம் 4ஜி வழியாகப் பேசும்போது நடப்பதுதான்.

இதிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகும். சிம் ஒரு நிறுவனத்துடையதும் வீட்டு இணையம் வேறொரு நிறுவனத்துடையதுமாக இருக்கலாம். உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பும் போதும். பாதை குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், விடுதி வைஃபையில் பேசினாலும் அந்த விடுதிக்காரர் உங்கள் பேச்சைக் கேட்க இயலாது. பேச்சுக்கான கட்டணமோ, உங்கள் சிம் திட்டத்தின்படி டவர் வழியாகப் பேசினால் என்னவோ அதுவே; ரீசார்ஜ் காலாவதியாகியிருந்தால் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அழைப்பு போகாது.

இந்தியாவில் 2018-இல் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தி இணையவழித் தொலைபேசிக்கு இடம் கொடுத்தது. ஏர்டெல் 2019 டிசம்பரில் டெல்லிப் பகுதியில் இந்தச் சேவையைத் தொடங்கியது, ஜியோ 2020 ஜனவரியில் வந்தது, வோடஃபோன் ஐடியா அதற்குப் பிறகு வந்தது, பி.எஸ்.என்.எல். இந்த வரிசையில் கடைசி. புதுச்சேரியும் காரைக்காலும் தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தவை என்பதால், கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடியைக் கடந்து புதுச்சேரி எல்லைக்குள் போவதால் இந்தச் சேவையில் எந்த வேறுபாடும் வராது.

கைபேசியில் செய்ய வேண்டியவை

முதலில் வோல்ட்டி எனப்படும் 4ஜி குரல் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். வைஃபை காலிங் அதே ஏற்பாட்டின் மேல் நிற்பதால், வோல்ட்டி அணைந்திருந்தால் பல கைபேசிகளில் வைஃபை காலிங் என்ற தெரிவே கண்ணில் படாது. பிறகு, கைபேசியின் மென்பொருள் புதுப்பிப்பு எதுவும் நிலுவையில் இருந்தால் முடித்துவிடுங்கள். எந்த நிறுவனத்தின் சேவையை எப்படித் தொடர்பு கொள்வது என்ற குறிப்புகள் பல நேரங்களில் அந்தப் புதுப்பிப்போடுதான் வருகின்றன.

சாம்சங் கைபேசியில் ஃபோன் செயலியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போனால் வைஃபை காலிங் இருக்கும். ரெட்மி, போக்கோ கைபேசிகளில் செட்டிங்ஸில் சிம் கார்டு, மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் சென்று, குறிப்பிட்ட சிம்மைத் தொட்டால், வைஃபையைப் பயன்படுத்தி அழைக்கும் தெரிவு வரும். பிக்சல், மோட்டோரோலா போன்றவற்றில் நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், அதற்குள் சிம், அதற்குள் வைஃபை காலிங் என்று போக வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் மொபைல் சர்வீஸ், பழைய பதிப்புகளானால் மொபைல் டேட்டா, அதற்குள் வைஃபை காலிங். கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இது வைஃபை அழைப்பு என்று தெரியக்கூடும். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகிறது என்பதால், செட்டிங்ஸின் தலைப்பில் இருக்கும் தேடல் கட்டத்தில் Wi-Fi calling என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட்டுத் தேடுவதே எளிது. நானும் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக இதை இயக்க வேண்டும். ஒன்றுக்கு இயக்கிவிட்டு மற்றொன்றுக்கு வரும் அழைப்பு கிடைக்கவில்லை என்று தடுமாறுவது சாதாரணமாக நடக்கிறது.

பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இதோடு இன்னொரு தெரிவும் உண்டு: அழைப்புக்கு வைஃபையை முதலில் பயன்படுத்துவதா, மொபைல் நெட்வொர்க்கை முதலில் பயன்படுத்துவதா என்று அது கேட்கும். சிக்னல் அறவே இல்லாத வீடானால் இரண்டில் எதை வைத்தாலும் ஒன்றுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் சிக்னல் அரைகுறையாக இருக்கும். ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறி இறங்கும். அங்கே மொபைல் நெட்வொர்க் முதலில் என்று வைத்தால், கைபேசி அந்த ஒற்றைக் கோட்டை நம்பி அழைப்பைத் தொடங்கிவிட்டுப் பாதியில் திணறும். அத்தையின் கைபேசியில் இருந்த கோளாறு இதுதான். வைஃபை முதலில் என்று மாற்றி வையுங்கள்.

இயங்குகிறதா என்று அறியும் வழி

தெரிவை இயக்கிய சில நொடிகளில், ஆண்ட்ராய்டில் திரையின் மேல்பட்டையில் விஓவைஃபை (VoWiFi) என்ற எழுத்துகளோ, தொலைபேசிப் படமும் வைஃபை அலையும் சேர்ந்த குறியோ தோன்றும். ஐபோனில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைஃபை என்று வரும். திரையின் தலைப்பில் கருப்புப் பட்டை உள்ள மாடல்களில் வலது மூலையிலிருந்து கீழே இழுத்தால் தெரியும்.

குறி வந்துவிட்டது என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஃபிளைட் மோடை இயக்குங்கள். வைஃபையும் அணைந்திருந்தால் வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். இப்போது டவர்த் தொடர்பு அறவே அறுந்துவிட்டது. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தால் அந்தக் குறி திரும்ப வர வேண்டும். வந்ததும் வீட்டில் உள்ள மற்றொருவரின் எண்ணுக்கு அழையுங்கள், பிறகு அவரை உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள், கடைசியாக அவரிடமிருந்து ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். போகும் அழைப்பு சரியாக இருந்து, வரும் அழைப்பு மட்டும் வராமல் போவதுண்டு. அழைப்புகள் இரண்டும் சரியாக இருந்து, எஸ்எம்எஸ் மட்டும் வராமல் போவதும் உண்டு. வங்கி ஓடிபி எஸ்எம்எஸ் ஆகத்தான் வருகிறது என்பதால் மூன்றையும் பார்த்துவிடுவது முக்கியம். சோதனை முடிந்ததும் ஃபிளைட் மோடை அணைக்க மறந்துவிடாதீர்கள். நான் ஒரு முறை மறந்து, அத்தை மாலையில் கடைத்தெருவுக்குப் போனபோது யாருக்கும் தொடர்பு கிடைக்காமல் செய்துவிட்டேன்.

ரவுட்டர் இருக்கும் இடம்

எத்தனை எம்பிபிஎஸ் (Mbps) இணைய வேகம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை: பேச்சுக்கு வேகம் ஒரு பொருட்டே அன்று. ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவு போதும். ஒரு நிமிடம் பேசினால் ஏறக்குறைய ஒரு எம்பி, ஒரு மணி நேரம் பேசினால் 60 எம்பி. இன்று கிடைக்கும் மிகக் குறைந்த ஃபைபர் திட்டமும் இதைப்போல நூறு மடங்குக்கு மேல் தரும். பேச்சைக் கெடுப்பது தாமதமும், குரல் துண்டுகள் ஒழுங்கற்று வந்து சேர்வதும்தான். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேரும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை; அதற்கு மேல் கூடக்கூட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் சேர்ந்து தொடங்குவார்கள். இந்தத் தாமதம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. ரவுட்டருக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள பத்து, பதினைந்து அடியில்தான் பிறக்கிறது.

ஃபைபர் இணைப்பு தர வருபவர், கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, அதாவது வாசல் அறையின் நிலைப்படிக்கு மேல், ரவுட்டரை அறைந்துவிட்டுப் போவார். அவருக்கு அது வசதி. வீட்டுக்காரரோ அது கண்ணை உறுத்துகிறது என்று தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, இரும்பு பீரோவின் மேலோ தள்ளிவைப்பார். இரும்பு பீரோ அலையைத் தடுக்கும் ஒரு சுவர். அதன் கதவில் பதித்த கண்ணாடியின் பின்பூச்சும் உலோகந்தான். அத்தை வீட்டில் ரவுட்டர் தெருப்பக்கத்து அறையில் இருந்தது. அவர் பேச விரும்புவதோ அடுக்களையிலும் பின்கட்டிலும். நடுவில் இரண்டு கனத்த சுவர்கள்.

எந்த இடத்தில் எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை அளக்க, வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இலவசமாகப் பதிவிறக்கிக் கொள்ளலாம். அது மைனஸ் குறியுடன் டிபிஎம் என்ற அளவில் ஓர் எண்ணைக் காட்டும். மைனஸ் என்பதால் எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது: -50 மிக நன்று, -65 வரை பேச்சுக்குக் குறையில்லை, -75 தாண்டினால் குரல் விட்டுவிட்டு வரும். இந்த அளவு மூன்று எண் மோசமானால், அதாவது -50 என்பது -53 ஆனால், வலிமை பாதியாகிவிட்டது என்று பொருள். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து பேசும் இடங்களில், கதவைச் சாத்தியும் திறந்தும், அரை நிமிடம் நின்று பாருங்கள். அத்தையின் அடுக்களையில் முதல் நாள் -82 காட்டியது.

இதைச் சரிசெய்ய முதலில் செய்யத் தக்கது, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவருவதுதான். அலமாரிக்குள் இல்லாமல், தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். முற்றம் உள்ள வீட்டில் முற்றத்தைப் பார்த்த தாழ்வாரச் சுவர் மிகப் பொருத்தமான இடம். திறந்த வெளி வழியாக எல்லா அறைக்கும் அலை எட்டும், சாரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃபைபர் கம்பியை நீட்ட இணைப்புத் தந்தவரையே அழைத்துவிடுங்கள், அதை நாமே இழுத்து மடக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முறிந்துவிடும்.

நடுவுக்குக் கொண்டுவர இயலாவிட்டால் இரண்டாவதாக ஒரு ரவுட்டர் தேவைப்படும். கடைகளில் எக்ஸ்டெண்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். முதல் ரவுட்டரின் அலையைப் பிடித்து மறுபடியும் வீசுவது அதன் வேலை. படம் பார்க்க அது உதவும். பேச்சுக்கு அதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை காற்றில் பயணம் செய்வதால் தாமதம் ஏறி இறங்குகிறது. அதைவிட, முதல் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் முனையில் சாதாரண ரவுட்டர் ஒன்றை, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக வீச மட்டும் செய்யும் அக்சஸ் பாயின்ட் முறையில் அமைத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் முதலாவதற்கு இருப்பது போலவே கொடுத்துவிடுவது நெடுநாள் நிற்கும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எந்த வீட்டுக்கும் அது போதும். நாங்கள் தாழ்வார உத்தரத்தை ஒட்டி, பழைய மின்கம்பிச் சட்டத்தின் பக்கமாகவே கேபிளைக் கொண்டுபோனோம். அடுக்களை வாசலில் வைத்த இரண்டாவது பெட்டிக்குப் பிறகு -56 காட்டியது.

இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வீசுகின்றன. ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் தெரியாதது. இரண்டு புள்ளி நான்கு மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கைபேசி பேச்சின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி ஒரு நொடி குரலை விழுங்கிவிடலாம். கனத்த சுவர் உள்ள வீடுகளில் இரண்டுக்கும் வேறுவேறு பெயர் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களின் கைபேசியை 2.4-இல் மட்டும் இணைத்துவைப்பது என் வழக்கம். மைக்ரோவேவ் அடுப்பு அதே 2.4-இல்தான் இயங்குகிறது, அதை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நின்று பேசினால் குரல் கரகரக்கும்.

டவர் சிக்னலையே பெருக்கித் தருவதாகச் சொல்லி ஆண்டெனாவோடு விற்கப்படும் பூஸ்டர் கருவிகளைப் பற்றி ஒரு சொல். உரிமம் இல்லாமல் அவற்றைப் பொருத்துவது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் அனைவருடைய சிக்னலையும் அவை கெடுக்கின்றன. வைஃபை காலிங் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

குறி வராதபோது

தெரிவை இயக்கியும் குறி வரவில்லை என்றால், கோளாறு கைபேசியிலா, வீட்டு இணையத்திலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வீட்டில் உள்ள இன்னொருவரின் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, உங்கள் கைபேசியை அதில் இணைத்து, மேலே சொன்ன ஃபிளைட் மோட் சோதனையைச் செய்யுங்கள். அங்கே குறி வந்தால் கோளாறு வீட்டு ரவுட்டரில். அங்கேயும் வராவிட்டால் கைபேசியிலோ சிம்மிலோ.

கைபேசியின் பக்கமானால், இணையப் போக்குவரத்தை வேறொரு பாதையில் திருப்பிவிடும் விபிஎன் செயலி எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். பலருக்கு அதை நிறுத்தியவுடன் சரியாகிவிடுகிறது. அதன்பின் கைபேசியை அணைத்து இயக்குங்கள். நெட்வொர்க் ரீசெட் என்ற தெரிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் புளூடூத் இணைப்புகளையும் சேர்த்து அழித்துவிடும். இந்த ஊர்களில் அடிக்கடி காணும் இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர் கொண்டுவந்து தரும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்திய நிறுவனங்களுக்கான குறிப்புகள் இல்லாமல் இருக்கலாம். அவற்றில் வைஃபை காலிங் என்ற தெரிவே வராது. அதே மாடல் இங்கு வாங்கியவரிடம் ஒழுங்காக இயங்கும். இதற்கு எளிய மருந்து இல்லை. மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுப்பதைவிட, அந்தச் சிம்மை இங்கு வாங்கிய கைபேசிக்கு மாற்றிவிடுவது நல்லது.

ரவுட்டரின் பக்கமானால், அதை அணைத்து ஒரு நிமிடம் கழித்து இயக்குவதே பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் போதுமானது. அதற்கும் மசியாவிட்டால் அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் போக வேண்டும். பல ரவுட்டர்களில் அதன் முகவரி 192.168.1.1, சரியான முகவரியும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். அங்கே, குறியாக்கப் பாதைகளைத் தடுக்காமல் விடும் ஐபிசெக் பாஸ்த்ரூ (IPsec passthrough) அல்லது விபிஎன் பாஸ்த்ரூ என்ற தெரிவு இயக்கத்தில் இருக்க வேண்டும். யுடிபி (UDP) 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டுகளும், அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாயில்களும், தடுக்கப்படாமல் இருக்க வேண்டும். கைபேசி முன்பு சொன்ன தனிப்பாதையை அமைப்பது இவ்விரண்டின் வழியாகத்தான். இணையவழி அழைப்புகளின் தகவலில் ரவுட்டர் கைவைக்கும் சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்ற தெரிவை அணைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வைஃபை காலிங்கில் அழைப்புத் தகவல் முழுவதும் குறியாக்கப் பாதைக்குள் போவதால் ரவுட்டரின் கண்ணுக்கே அது தெரியாது, எனவே அதைத் தொட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

விடுதி, கல்லூரி, அலுவலக வைஃபைகளில் அந்தப் போர்ட்டுகளை நிர்வாகமே அடைத்திருக்கலாம். கடற்கரைச் சாலைப் பக்கத்து விடுதிகளில் அறை எண்ணையும் பெயரையும் கேட்கும் நுழைவுப் பக்கம் திறக்கும். அதை நிரப்பும் வரை இணையம் வராது, குறியும் வராது.

குறி வந்து, அழைப்பும் போய், ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் அந்நேரத்தில் வீட்டு இணையத்தில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். சிசிடிவி கேமரா படங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாலோ, ஒரு கைபேசி தன் புகைப்படங்களை எல்லாம் காப்புப்படி எடுத்துக்கொண்டிருந்தாலோ, வீட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் பாதை நிரம்பி உங்கள் குரல் வரிசையில் காத்து நிற்கும்.

பேசிக்கொண்டே வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால், தெருவில் 4ஜி நன்றாக இருந்தால் அழைப்பு அறாமல் டவருக்கு மாறிவிடும். 4ஜி மெலிந்த தெருவில் கைபேசி தேய்ந்த வைஃபையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்து பிறகு அழைப்பையே விட்டுவிடும். அப்படிப்பட்ட தெருவில் இருப்பவர்கள் முக்கியமான பேச்சை முடித்துவிட்டே வெளியே போவது நல்லது.

மின்சாரம் போனால்

வைஃபை காலிங்கின் பெரிய பலவீனம் மின்சாரம். டவர்களுக்குப் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இருக்கின்றன. உங்கள் ரவுட்டருக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டரின் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கு மட்டுமான சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கலாம். வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்: பல ரவுட்டர்களுக்கு 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் என்று இருக்கும். யுபிஎஸ் அதே வோல்ட்டையும் அதற்குக் குறையாத ஆம்பியரையும் தர வேண்டும்; முனை சரியாகப் பொருந்த வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும், பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் எம்ஏஎச் (mAh) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 8,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. பெருக்கினால் ஏறக்குறைய 30 வாட்-மணி. ரவுட்டர் 8 வாட் இழுத்தால், மாற்றத்தில் போகும் இழப்பையும் கழித்து, மூன்று மணி நேரம் ஓடும். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனியாகவும் வைஃபை ரவுட்டர் தனியாகவும் இருக்கும். அங்கே இரண்டுக்கும் மின்சாரம் தர வேண்டும், ஒன்று அணைந்தாலும் பயனில்லை.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இது வெறும் வசதிப் பேச்சன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. புயலில் மரம் சாய்ந்தால் மின்கம்பத்தோடு அதில் தொங்கும் ஃபைபரும் அறும்; அப்போது யுபிஎஸ் எவ்வளவு நேரம் நின்றாலும் பயனில்லை, டவர்தான் துணை. மாறாக, டவரின் டீசல் தீர்ந்து, தெருவின் ஃபைபர் அறாமல் தப்பியிருந்தால் வைஃபை காலிங்தான் துணை. எது முதலில் போகும் என்று முன்கூட்டித் தெரியாததால், புயல் எச்சரிக்கை வந்த நாளில் யுபிஎஸ்ஸை முழுதாக ஏற்றிவைப்பதோடு, கைபேசியில் வைஃபையும் மொபைல் நெட்வொர்க்கும் இரண்டும் இயங்கும்படி விட்டுவைக்க வேண்டும்.

அவசர அழைப்பில் ஒரு கவனம் தேவை. 112-ஐ அழைக்கும்போது கைபேசி பொதுவாக டவரைத்தான் முதலில் தேடும். அது கிடைக்காமல் வைஃபை வழியாகப் போனால், நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியாமல் போகலாம். எடுத்தவுடன் ஊர், தெரு, வீட்டு எண், பக்கத்து அடையாளம் ஆகியவற்றை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள வயதானவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பதோடு, முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு அழைப்புகள்

புதுச்சேரியில் பாதி வீடுகளுக்குப் பாரீசில் ஓர் உறவினர் இருப்பார் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் அத்தைக்கு இருக்கிறார். வைஃபை வழியாகத்தானே போகிறது என்று எண்ணி அவர் +33 என்று தொடங்கும் எண்ணை டயல் பலகையிலிருந்து அழைத்துவிட்டார். பத்து நிமிடப் பேச்சில் கணக்கில் இருந்த பணம் தீர்ந்தது. அந்த அழைப்பு போன வழி மட்டுமே வேறு. கணக்கில் அது ஐஎஸ்டி அழைப்புதான். வெளிநாட்டு எண்ணுக்கு வாட்ஸ்அப் போன்ற செயலியின் அழைப்பையே பயன்படுத்துங்கள். அத்தையின் கைபேசியில் அந்த உறவினரின் படத்தை வாட்ஸ்அப் உரையாடலுக்கு நேராகத் திறக்கும் குறுக்குவழியாக முகப்புத் திரையில் வைத்துவிட்டு, ஐஎஸ்டி வசதியை நிறுவனத்திடம் சொல்லி நிறுத்திவிட்டோம்.

கைபேசியை மாற்றினாலும், சிம்மை மாற்றினாலும், அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே இருக்கும் இசிம்முக்குப் போனாலும், எண்ணை வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தாலும் இந்தத் தெரிவு அணைந்த நிலைக்குத் திரும்பியிருக்கலாம். அப்படி மாற்றிய நாளன்றே ஃபிளைட் மோட் சோதனையை ஒரு முறை செய்துவிடுங்கள்; போர்ட் செய்த எண்ணில் முதல் நாளில் குறி வராவிட்டால், ஒரு நாள் பொறுத்துக் கைபேசியை அணைத்து இயக்கி, மறுபடியும் பாருங்கள்.